வக்கீல் மாமாவின் ‘பேஷ்’

ஒலிக்கருவிகளைக் கேட்டுத் தரம் சொல்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து இரண்டு பெட்டிகளில் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள். முடிந்ததும் பத்துப் பேரும் ஒரே குரலில் ‘இரண்டாவதுதான் நன்றாக இருந்தது’ என்கிறார்கள். அங்கே உண்மையில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? பத்து என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதை முடிகிற வரை எழுந்து போகக் கூடாது. உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்தது தி. நகர் பனகல் பார்க் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த ஆடியோ கடையில். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், சிடி பிளேயர் என்று உயர்ரக வெளிநாட்டுச் சரக்கு விற்கிற இடம். கடைக்குப் பின்னால் சர்வீஸ் அறை. அதில் நானும் செல்வமும். நான் சாந்தோம்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவுக்கு ஆர்கன் வாசிக்கிறவள் என்று கேள்விப்பட்டு, ‘காது இருக்கற பொண்ணு’ என்று முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். செல்வம் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் குடியிருந்தவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். என்னை ஸ்டெல்லாக்கா என்பான். நான் சாலிடர் வைத்த இடங்களைப் பார்த்து, “இன்னாக்கா, கொசு முட்ட வெச்சாப்ல வெச்சிகீற?” என்று கேட்பான். அப்படிக் கேட்டே எனக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டான்.

முதலாளிக்கு மயிலாப்பூர் குளத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் சொந்த வீடு. நீளமான கூடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் பழைய வாடிக்கையாளர்கள் அங்கே கூடுவார்கள். புதிதாக வந்திருக்கும் சாமான்களை ஒரு மேசைமேல் வைத்து, முன்னால் கயிறு கட்டி ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிடுவோம். பின்னால் நின்று கம்பி மாற்றுவது என் வேலை. எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் கேட்டுவிட்டு, கடைசியில் கை தூக்கிச் சொல்வார்கள். எதற்கு அதிகம் கை எழுகிறதோ அதைத்தான் முதலாளி வரவழைப்பார். முதலாளியின் மனைவியை எல்லோரும் மாமி என்போம். வந்தவர்களில் பாதிப் பேர் மாமியின் காபிக்காக வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதில் தப்பும் இல்லை, அப்படிப்பட்ட காபி.

அந்தக் காலத்தில் என்னென்ன கேட்டோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒலி தெளியுமாம் என்று சிடியின் விளிம்பில் பச்சை மை தடவிக் கேட்டோம். பிளேயருக்கு அடியில் பித்தளைக் கூம்பு வைத்துக் கேட்டோம். என் மணிக்கட்டு மொத்தத்துக்கு இருந்த கம்பிகளை மாற்றி மாற்றிக் கேட்டோம். உங்கள் ஃபோன்களில் இப்போது நடக்கும் சண்டைகள் எல்லாம் அந்தக் கூடத்தில் அப்போதே நடந்து முடிந்தவைதான்.

கூட்டத்துக்கு நடுநாயகம் வக்கீல் மாமா. அடையாறிலிருந்து ஒரு பழைய காரில் வருவார். ஹைகோர்ட்டில் நல்ல பெயர் வாங்கி ஓய்வு பெற்றவர். சங்கீதத்தில் ஊறினவர். டிசம்பர் சீசனில் அவர் எந்தக் கச்சேரிக்குப் போகிறார் என்று பார்த்து மற்றவர்கள் டிக்கெட் வாங்குவார்கள். முன்வரிசையில் நடு நாற்காலி அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்பார். நல்ல இடம் ஒன்று வந்தால் அவர் வாயிலிருந்து ‘பேஷ்!’ என்று ஒன்று கிளம்பும். அடிவயிற்றிலிருந்து வருகிற பேஷ். அதைக் கேட்டால் பாடகருக்கு இன்னும் இரண்டு ஆவர்த்தனம் பாடத் தோன்றும். மனப்பூர்வமாகச் சொல்கிறேன், அந்த பேஷ் எனக்குப் பிடிக்கும். சிக்கலே அதுதான்.

ஒரு ஞாயிறு வெளிநாட்டுப் பவர் கம்பி ஒன்றைச் சோதித்தோம். சாதாரணக் கம்பியில் ஒரு தடவை, புதுக் கம்பியில் ஒரு தடவை. முதல் தடவை போட்டு முடித்துவிட்டுப் புதுக் கம்பியைச் செருகப் போனால், அதன் பிளக் தட்டை முள்; வீட்டுச் சுவரில் இருப்பதோ உருண்டை ஓட்டை. மாற்று பிளக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை. கூட்டம் கனைக்க ஆரம்பித்துவிட்டது. சரி, பழைய கம்பியிலேயே இன்னொரு தடவை ஓடட்டும், அதற்குள் தேடிவிடலாம் என்று பாட்டைப் போட்டுவிட்டுக் குனிந்தேன். பல்லவி இரண்டாம் முறை வந்ததுதான் தாமதம், ‘பேஷ்!’ என்றார் வக்கீல் மாமா. உடனே ஒருவர் ‘இப்போதான் திரை விலகினாப்ல இருக்கு’ என்றார். இன்னொருவர் ‘பாடகர் ரெண்டடி முன்னால வந்துட்டார்’ என்றார். நான் ஜமக்காளத்துக்கு மேலே தலையை நீட்டி, “சார், இன்னும் கம்பியே மாத்தல” என்றேன். கூடமே சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பாருங்கள், ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவரும் இல்லை.

இனி செல்வத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

சிடி பிளேயர் படித்துக் கொடுக்கும் எண்களை ஒலியாக மாற்றுகிற தனிப்பெட்டியை நீங்கள் ‘டாக்’ என்கிறீர்கள். நாங்கள் கன்வெர்ட்டர் என்போம். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல கன்வெர்ட்டர், வசதி உள்ளவர்களே இரண்டு முறை யோசித்து வாங்குகிற பொருள். செல்வத்திடம் ரிப்பேருக்கு அவை வரும். திறந்து பார்த்துப் பார்த்து அவனுக்கு ஓர் ஆசை பிடித்துவிட்டது. ரிச்சி தெருவில் அலைந்து சாமான் சேர்த்தான். சிப்பை மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஒரு சிநேகிதன் மூலம் வரவழைத்தான். மதிய இடைவேளையெல்லாம் அதிலேயே போயிற்று. கடைசியில் ஒரு தகரப் பெட்டிக்குள் சொந்தமாக ஒரு கன்வெர்ட்டர் செய்து முடித்து என் முன்னால் வைத்தான். கேட்டேன். திரும்பத் திரும்ப நாலு தடவை கேட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. தி. நகர் சந்துக்குள், எங்கள் ஒட்டடை படிந்த சர்வீஸ் அறையில், இது!

முதலாளியும் கேட்டார். தாடையைத் தடவிக்கொண்டே செல்வத்திடம் சொன்னார்: “நன்னாத்தான் இருக்கு. ஆனா நம்ம ரெண்டு பேர் சொன்னாப் போறாது. ஞாத்திக்கிழமை நம்மாத்துல வெளிநாட்டுப் பெட்டியோட பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். நம்ம மாமாக்கள் இது அதுக்குச் சளைச்சதில்லேன்னு சொல்லிட்டா, நம்ம கடை பேர்லயே பண்ணலாம். நீயே பொறுப்பு எடுத்துக்கோ.”

அந்த வார்த்தைக்குச் செல்வம் எவ்வளவு ஏங்கினான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குத் துபாயில் ஒரு வேலை தயாராக இருந்தது, ஏசி மெஷின் பழுது பார்க்கிற வேலை. விசா வந்துவிட்டது. அந்த ஞாயிறு போய் எட்டாம் நாள், திங்கட்கிழமைக்குள், போகிறானா இல்லையா என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும். வீட்டில் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. “குழந்த மூஞ்சிய போட்டோல பாக்கணுமாக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். இந்த ஒரு பெட்டி ஜெயித்தால் இருப்பான், இல்லாவிட்டால் விமானம்.

ஞாயிறு வந்தது. காலைப் பூசையை முடித்துக்கொண்டு நேராக மயிலாப்பூருக்குப் போனேன். இரண்டு பெட்டிகளின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினேன். அந்த வித்தையெல்லாம் உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். செல்வம் அடுக்களை வாசலில் மாமிக்குப் பக்கத்தில் நின்றான். கூடத்தில் வழக்கமான கூட்டம்: வக்கீல் மாமா, அவருக்குப் பக்கத்தில் வயலின் டீச்சர், பின்னால் ஒரு பாங்க் ஆபீசர், டாக்டர், இன்னும் சிலர். ஒரு வீணைக் கச்சேரியிலிருந்து ஆலாபனை. முதலில் செல்வத்தின் பெட்டி. பிறகு அதே ஆலாபனை வெளிநாட்டுப் பெட்டியில்.

இரண்டாவதில் மேல்ஸ்தாயிப் பிடி வந்த இடத்தில் விழுந்தது பேஷ். கூரை அதிர விழுந்தது. பின்னாலேயே நாலைந்து ஆஹா. “இரண்டாவதுக்கு யார்?” என்று முதலாளி கேட்டதும் எல்லாக் கையும் மேலே போயிற்று. “முதலாவதுல ஜீவன் இல்லை” என்றார் டாக்டர். “ஆமாம், ஜீவன் போறாது” என்றார் பாங்க் ஆபீசர்.

செல்வம் ஜமக்காளத்துக்குப் பின்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது. “ஜீவன் இல்லன்னா எந்தத் திருகத் திருகறதுக்கா?” என்றான். “வுடு. நான் துபாய்க்கே போய்ச்சேர்றேன். ஒயர எல்லாம் சுத்தி வெச்சிடு.”

அந்த நிமிடம் எனக்குள் ஏதோ பளிச்சென்றது. பவர் கம்பி அன்று பேஷ் விழுந்தது இரண்டாம் தடவை. பித்தளைக் கூம்பு அன்றும் இரண்டாம் தடவை. பச்சை மை? அதுவும் இரண்டாம் தடவையேதான்! வக்கீல் மாமா முதல் தடவை சங்கதிகளைத் தெரிந்துகொள்கிறார். இரண்டாம் தடவை அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருந்து, வந்ததும் வரவேற்கிறார். அது பெட்டிக்குச் சொல்கிற பேஷ் அல்ல, வீணைக்குச் சொல்கிற பேஷ். மற்றவர்கள் அந்த பேஷைக் கேட்டுக் கை தூக்குகிறார்கள். கச்சேரி கேட்டுப் பழகினவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்! செல்வத்தின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

அவன் கண் விரிந்தது. “அப்போ இன்னொரு தபா வெக்கலாங்க்கா! இந்த வாட்டி என்னுத ரெண்டாவதா போடு. அவ்ளோதான், மேட்டர் முடிஞ்சிது!”

முடிந்துவிடும். எனக்கும் தெரியும். ஜமக்காளத்துக்குப் பின்னால் நிற்பவள் நான். யார் கேட்கப் போகிறார்கள்? நீங்களும் ஒரு நாள் இப்படித் திரைக்குப் பின்னால் நிற்பீர்கள். அன்றைக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

“செல்வம், உன் பெட்டியை ஒருத்தர் வாங்கிண்டு போய் வீட்டுல வெச்சுக் கேப்பாரு. அங்கே வக்கீல் மாமா பேஷ் சொல்ல வரமாட்டாரு” என்றேன். மாமி வீட்டில் பழகிப் பழகி எனக்கும் ‘வாங்கிண்டு’ ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் என்னை முறைத்தான். முறைப்பதற்கு அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. பிறகு அடுக்களை வாசலுக்கே திரும்பிப் போனான்.

நான் கூடத்தைப் பார்த்துச் சத்தமாக, “இன்னும் ஒரே ஒரு சுற்று சார்” என்றேன். முதலாளி புருவத்தை உயர்த்தினார். வெளிநாட்டுப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். செல்வத்தின் பெட்டியில் ஆலாபனையைப் போட்டேன், “இது ஒன்று” என்றேன். முடிந்ததும் கம்பியைக் கழற்றி, கடகடவென்று சத்தம் செய்து, அதே பெட்டியில் அதே இடத்தில் மறுபடி செருகினேன். “இது இரண்டு.”

பேஷ்! அதே மேல்ஸ்தாயிப் பிடி, அதே அடிவயிற்று பேஷ். எல்லாக் கையும் இரண்டாவதுக்கு. “என்ன ஜீவன், என்ன ஜீவன்!” என்றார் டாக்டர்.

நான் ஜமக்காளத்தை இழுத்துக் கீழே போட்டேன். ஒரே ஒரு பெட்டியில்தான் விளக்கு எரிந்தது. ஒரே ஒரு பெட்டியில்தான் கம்பி இருந்தது. புரிவதற்கு அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் யாரும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலாளி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். “ஏம்மா ஸ்டெல்லா, நான் கடையை மூடிண்டு போகணுமா?”

வக்கீல் மாமா எழுந்து நின்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். “என்னைப் பரிகாசம் பண்றதுக்காக இத்தனை ஏற்பாடா?” என்றார். கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர். அவர் போனால் பின்னாலேயே பாதிப் பேர் போவார்கள். மன்னிப்புக் கேட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அடுக்களை வாசலில் செல்வம் நின்றுகொண்டிருந்தான்.

“மாமா, உங்களைப் பரிகாசம் பண்ண எனக்குத் தகுதி இல்ல” என்றேன். “உங்க பேஷ் அவ்வளவு பெரிசு. அது விழுந்ததும் நாங்க பெட்டியைக் கேக்கறத விட்டுட்டு உங்களைத்தான் கேக்கறோம். நானும்தான். திரைக்குப் பின்னாடி நிக்கற எனக்கே, எது எதுன்னு தெரிஞ்ச எனக்கே, ரெண்டாவது நல்லா இருந்தாப்ல தோணிச்சு.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

“ஒரு சாட்சி சொல்றப்போ இன்னொரு சாட்சி கோர்ட்டுக்குள்ள உக்காந்துண்டு இருக்கப்படாது” என்றார், கூட்டத்தைப் பார்த்து. “அதுக்காக நான் எத்தனை ஜட்ஜுகிட்ட மல்லுக்கு நின்னிருக்கேன்! இங்க வந்து ஞாத்திக்கிழமை ஞாத்திக்கிழமை எல்லா சாட்சியையும் நானே கெடுத்துண்டு இருந்திருக்கேன்.” மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். “சொல்லும்மா. எப்படிப் பண்ணணும்?”

அப்போது எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய மனிதர் ஒருவர் நாலு பேர் முன்னால் தன் தப்பைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

“எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு உண்டு” என்றேன். “ஒருத்தர் ஒருத்தரா உள்ள போய், சாமியார் காதுல மட்டும் சொல்லிட்டு வரணும். அடுத்தவங்க என்ன சொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது. அது மாதிரி செய்யலாம்.”

மாமிக்கு ஒரே உற்சாகம். “என் உக்ராண உள்ளை எடுத்துக்கோடி!” என்றார். அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் வைக்கிற சின்ன அறை. தொடையில் தாளம் போடுவதையும் தலையாட்டுவதையும் எப்படி நிறுத்துவது என்று நான் யோசித்தபோது அதற்கும் மாமிதான் வழி சொன்னார். ஆளுக்கொரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தலை ஆடினால் மடி நனைந்துவிடும். கம்பி மாற்றும் வேலையை நான் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். எது எந்தப் பெட்டி என்று எனக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கேட்பவரை மட்டும் கட்டிப்போட்டால் போதாது, கேள்வி கேட்பவரையும் கட்டிப்போட வேண்டும். இதை நீங்கள் எழுதியே வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி ஆலாபனை. தளும்பத் தளும்ப டம்ளரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்த மயிலாப்பூர் ரசிகர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மேல்ஸ்தாயிப் பிடி வந்தபோது வக்கீல் மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பேஷை அவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

நான் உக்ராணத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். முதலில் பாங்க் ஆபீசர் வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “எனக்கு வித்தியாசமே தெரியலம்மா. இத்தனை நாளும் தெரிஞ்சதில்ல. வெளில சொல்லிடாதே.” டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஜீவன் என்ற பேச்சே எழவில்லை. அடுத்து வந்த வயலின் டீச்சர் தயங்கவே இல்லை. “ஒண்ணாவதுல ஆலாபனை முடிஞ்சு தம்புரா மட்டும் ஓயறது பாருங்கோ, அந்த இடத்துல மணல் கலந்தாப்ல ஒரு கரகரப்பு. ரெண்டாவதுல அது இல்ல.” பின்னாலேயே வக்கீல் மாமா வந்தார். “வீணையில ஒரு குறையும் சொல்றதுக்கில்ல. ஆனா ஒண்ணாவதுல கடைசில தம்புரா ஓயறச்சே மண்ணை அள்ளிப் போட்டாப்ல இருக்கே, என்ன அது?” கடைசி வரிசைக்காரர் ஒருவரும் அதே இடத்தைச் சொன்னார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாத மூன்று பேர், விரல் வைத்தது ஒரே இடத்தில்!

வெளியே வந்து முதலாளியிடம் கேட்டேன். ஒன்றாவது செல்வத்தின் பெட்டி. நியாயமாகவே தோற்றிருந்தது.

எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் செல்வத்திடம் போனேன். “தம்புரா ஓயற இடத்துல கரகரப்பாம். மூணு பேர் தனித்தனியா சொல்றாங்க” என்றேன். அவன் இடிந்துபோவான் என்று நினைத்தேன். அவனோ குதித்தான்.

“தம்புரா ஓயற எடமா? சத்தம் ரொம்ப சின்னதாவுற எடமா? அய்யோக்கா! அது ப்ரீசெட்டுக்கா! சின்ன சத்தம் சீரா வர்றதுக்கு சிப்பு பக்கத்துல ஒரு குட்டித் திருகு வெக்கணும். சிப்புக்காரன் புக்லயே போட்டுகீறான். அது இல்லாமயே நல்லாத்தான கீதுன்னு வுட்டுட்டேன்!” என் கையைப் பிடித்து உலுக்கினான். “ஜீவன் இல்லன்னா எனக்கு இன்னா தெரியும்? தம்புரா ஓயற எடம்னா தெரியும்ல!”

அவன் குரலில் இருந்த துள்ளல் எனக்கும் தொற்றிக்கொண்டது. ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு எந்தத் தொழிலாளியும் ஒரு திருகாணியைக் கூடத் திருக முடியாது. எந்த இடம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் யாருக்கும் செய்யக்கூடிய பெரிய உதவி கிடையாது.

செல்வம் முதலாளியிடம் போய், “சார், அடுத்த ஞாயிறு இன்னொரு தபா” என்றான். முதலாளி வக்கீல் மாமாவைப் பார்த்தார். “வாய்தா குடுத்துடுங்கோ” என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்கச் சர்வீஸ் அறையில் தம்புராவைத் தவிர வேறு சத்தம் கிடையாது. திருகுவான், கேட்போம், திருகுவான், கேட்போம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு திருகலில் அந்தக் கரகரப்பு அடங்கியது. தம்புரா மெல்லத் தேய்ந்து தேய்ந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. எங்கள் இரண்டு பேர் காது போதாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

ஞாயிறு. அதே கூடம், அதே ஜமக்காளம், அதே ஆலாபனை. மறுநாள் ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். செல்வத்தைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை. அவன் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் ஊகித்துவிடக் கூடாது என்று கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தோம். முதலாளி கம்பி மாற்றினார். டம்ளர்கள் தளும்பின. நான் அரிசி மூட்டைக்குப் போய்விட்டேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் ஒன்று என்றார், ஒருவர் இரண்டு என்றார். தெரியவில்லை என்றவர்கள் அதைவிட அதிகம். இந்தத் தடவை யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. வயலின் டீச்சர் நெடுநேரம் யோசித்து, “தம்புரா ரெண்டுலயும் அழகா ஓயறது. போன வாரக் கரகரப்பு எங்க போச்சுன்னே தெரியல” என்றார். கடைசியாக வக்கீல் மாமா. வேட்டியின் மடிப்பு நன்றாக நனைந்திருந்தது.

“ரெண்டும் ஒண்ணா இருக்கு” என்றார். “என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னாக் கூட என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.”

கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “பிரிச்சுச் சொல்ல யாராலும் முடியல சார்.” முதலாளி ஜமக்காளத்தை இழுத்தார். வெளிநாட்டுப் பெட்டி பளபளவென்று நின்றது. பக்கத்தில் ஆணி துருத்திக்கொண்டிருந்த தகரப் பெட்டி. மாமி கொல்லைப்புறம் பார்த்து, “டேய் செல்வம், வாடா உள்ள!” என்று கத்தினார்.

அவன் வந்து நின்றான். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். முதலாளி, “பண்ணலாம்டா, நம்ம பேர்லயே பண்ணலாம்” என்றார்.

வக்கீல் மாமா டம்ளரைக் கீழே வைத்தார். ஈரக் கையை மேல்துண்டில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இப்போ சொல்லலாமாம்மா?”

“இப்போ சொல்லுங்க மாமா” என்றேன்.

செல்வத்தின் எதிரே போய் நின்று, அவன் தோளில் கை வைத்து, இரண்டு ஞாயிறாக விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னார். “பேஷ்!”

கூடம் முழுக்கக் கைதட்டியது. செல்வம் அழுதுகொண்டே சிரித்தான். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை. பிறகு அவன் முதலாளியின் ஃபோனுக்கு ஓடினான். அவன் வீட்டில் ஃபோன் கிடையாது, மாடி வீட்டுக்காரர்களின் நம்பர்தான். அவர்கள் இறங்கிப் போய் அவன் மனைவியை மெல்ல நடத்திக் கூட்டி வருகிறவரை ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவள் குரல் கேட்டதும் நாலைந்து தடவை வாயைத் திறந்து மூடினான். கடைசியில் ரிசீவரை வக்கீல் மாமாவின் பக்கம் நீட்டினான்.

“சாமி, நான் சொன்னா அழுதுடுவேன். அத இன்னொரு தபா இதுல சொல்லுங்க. அவளும் கேக்கட்டும்.”

வக்கீல் மாமா ரிசீவரை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கோட்டூர்புரம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.